ரேச்சல் ஏன் ஓடவில்லை?

அன்புள்ள ஐயா,

டொரன்டோவில் முதன்முதலாக டாக்ஸி விட்டவர் தார்ன்டன் பிளாக்பர்ன் என்று அண்மையில் அறிந்தேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமையாக இருந்தவர். மனைவி லூசி விற்கப்பட்டதும் 1831இல் அவரையும் அழைத்துக்கொண்டு தப்பியிருக்கிறார். அந்த வண்டி என்ன நிறம்? அவர் கதை விரிவாக எங்கே கிடைக்கும்? இன்னொரு சந்தேகம்: இப்படித் துணிந்தவர்கள் கொஞ்சம் பேர்தானே? மற்றவர்கள் அடிமைத்தனத்துக்குப் பழகிப்போய்விட்டார்கள் என்றுதானே கொள்ள வேண்டும்?

எஸ்., ஸ்கார்பரோ

அன்புள்ள எஸ்.,

சிவப்பும் மஞ்சளும். நான்கு பேர் உட்காரும் குதிரை வண்டி. புத்தகத்துக்கு உங்கள் ஊர் நூலகரைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

சில வாரங்களாக ஹாரியட் டப்மன் குடும்பத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அடிமைத்தனத்திலிருந்து தானும் தப்பி, திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களையும் கூட்டிவந்தவர் அவர். அந்த நேரம் பார்த்து உங்கள் 'பழகிப்போய்விட்டார்கள்' வந்து சேர்ந்தது. வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்துகொண்டு எழுத வருகிற வாக்கியம் அது. நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. அதனால்தான் குப்பைக்கூடையில் போடாமல் பதில் எழுதுகிறேன்.

பிளாக்பர்ன் தம்பதிக்குக் குழந்தை இல்லை. போலி விடுதலைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாக உடுத்திக்கொண்டு, நீராவிக் கப்பலில் ஏறிவிட முடிந்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகள் இருந்தால்? வீட்டில் நடக்க முடியாத தாய் இருந்தால்?

மேரிலாந்தில் ஹாரியட்டின் சகோதரிகள் மூவரைத் தெற்கே விற்றுவிட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கடைக்குட்டி மோசஸையும் விற்க ஆள் வந்தபோது தாய் ரிட் பையனை ஒளித்துவைத்தார். வீட்டுக்குள் முதலில் கால்வைக்கிறவன் மண்டையைப் பிளந்துவிடுவேன் என்று வாசலில் நின்றார். விற்பனை நின்றுபோனது. இந்த ரிட் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கேயேதான் இருந்தார். பழகிப்போனவர் பட்டியலில் இவரையும் சேர்ப்பீர்களா?

1854 கிறிஸ்துமஸ். மறுநாள் ஹாரியட்டின் சகோதரர்கள் மூவர் ஏலத்துக்கு வரவிருந்தார்கள். ஹாரியட் ரகசியமாக வந்து காத்திருந்தார். மூத்தவர் ராபர்ட் கிளம்பும் நேரத்தில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி. நின்றால் ஏலம், போனால் மனைவியும் பிள்ளைகளும் இங்கே. குழந்தை பிறக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்.

பெற்றோரின் குடிசைக்கு அருகே ஒரு தீவனக் கொட்டகையில் எல்லோரும் பதுங்கினார்கள். பிள்ளைகள் விருந்துக்கு வருவார்கள் என்று ரிட் சமைத்துவைத்துக் காத்திருந்தார். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் கதறிவிடுவார், ஊர் கூடிவிடும். பலகை இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பென்னுக்கு மட்டும் தெரியும். சாப்பாடு கொண்டுவந்து வைத்தார், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. வழியனுப்பச் சிறிது தூரம் கூடவே நடந்தபோது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார். விசாரிக்க வருகிறவர்களிடம் 'நான் பார்க்கவில்லை' என்று பொய் கலவாமல் சொல்ல வேண்டுமாம்!

பிரியாமலிருக்க ஓடுகிறவன் யாரையாவது பிரிந்துதான் ஓட வேண்டியிருந்தது. எஜமானர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குடும்பம் இருக்கிறவன் ஓடமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. விலங்குச் செலவு மிச்சம். அதே குடும்பத்தைக் கடனுக்காகப் பிய்த்து விற்கப்போகும்போதுதான் கணக்கு தப்பியது. லூசியை விற்காமலிருந்தால் உங்கள் ஊருக்கு அந்த டாக்ஸி வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இப்போது ரேச்சல். ஹாரியட்டின் தங்கை. அக்கா கூட்டிப்போக வந்தபோது அவர் கிளம்பவில்லை. இரண்டு குழந்தைகளையும் அவரிடமிருந்து பிரித்துச் சில மைல் தள்ளி வேறிடத்தில் வைத்திருந்தார்கள். அவர்கள் இல்லாமல் வரமாட்டேன் என்றுவிட்டார். எழுபது பேர்வரை மீட்ட அக்காவாலும் அந்தச் சில மைலைக் கடக்க முடியவில்லை. 1860 இறுதியில் ஹாரியட் மீண்டும் வந்தபோது ரேச்சல் இறந்துபோயிருந்தார். லஞ்சம் கொடுக்கக் கையில் 30 டாலர் இல்லாததால் பிள்ளைகளையும் மீட்க முடியவில்லை. வந்ததற்கு வேறொரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனார்.

ரேச்சல் பழகிப்போனவர் என்று இன்னொரு முறை எனக்கு எழுதாதீர்கள்.

ராபர்ட்டும் தம்பிகளும் போய்ச் சேர்ந்தது கனடாவின் சென்ட் கேத்தரின்ஸ். உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹாரியட் போய்வந்த சேலம் தேவாலயம் இன்னும் இருக்கிறது. உள்ளே பார்க்க முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.