தோல் கைக்காப்பில் பூவேலை: கேள்வி பதில்

பலமநேர்: அண்ணா, முதல் முறையா ஒரு ஜோடி தோல் கைக்காப்பு செய்யப் போறேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழ வரைக்கும் வர்ற மாதிரி. எந்தத் தோல், எவ்வளவு வாங்கணும்?

வெஜ் டேன் தோல், தம்பி. பூவேலைன்னா ஈரத் தோலில் கத்தியால் கோடு கீறி, ஸ்டாம்பால் (உலோக அச்சு) அடிச்சுப் படம் எடுக்கறது. வேற எதுவும் அதுக்கு ஆகாது. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் மாதிரியான சரக்கில் பதப்படுத்தின தோல்தான் நனைச்சா இளகி, ஸ்டாம்ப் பட்ட இடத்தில் அப்படியே பள்ளமாக் காய்ஞ்சு நிக்கும். குரோம் உப்பில் பதப்படுத்தினதை எவ்வளவு அடிச்சாலும் கொஞ்ச நேரத்தில் எழும்பிடும்.

நம்ம எல்லையைத் தாண்டினா பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு எல்லாமே தோல் ஊர். அதனாலேயே ஏமாற வாய்ப்பு அதிகம். மிச்சத் துண்டா எடை போட்டு விக்கறதில் பெரும்பகுதி ஷூவுக்குப் போற குரோம் தோல். "வெஜ் டேன், மேல் பூச்சு போடாதது, பிஸ்கட் நிறம்" என்று சொல்லிக் கேளுங்க. கனம் 2.5 முதல் 3 மி.மீ. முதுகு அல்லது தோள் பகுதியா இருக்கட்டும். வயித்துப் பகுதி விலை குறைவு, ஆனா அடிக்க அடிக்க இழுபட்டுப் படம் கோணும்.

திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலும் வெஜ் டேன்தான், புவிசார் குறியீடு வாங்கினது. அதில் ஆட்டுத்தோல் ஏறக்குறைய 1 மி.மீ. கனம்தான் வரும். உள்பக்க லைனிங்குக்கு அருமை, பூவேலைக்குப் போதாது.

ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 1 சதுர அடி செலவாகும். தோல் சதுரமா வராது, ஓரம் கழியும், அதனால 2 சதுர அடி வாங்குங்க.

குப்பம்: பழைய சோபா தோல் நிறைய இருக்கு. அதில் பண்ணலாமா?

முடியாது. அது குரோம்.

நகரி: அண்ணா, பேப்பர்ல பேட்டர்ன் வெட்டிப் பார்த்தேன். கையில் சுத்தினா மணிக்கட்டு ஓரம் நடுவில் தூக்கிட்டு நிக்குது, தோலில் வெட்டப் பயமா இருக்கு.

நேர்க்கோட்டில் வெட்டியிருப்பீங்க. முன்கை உருளை இல்லை, கூம்பு. கூம்பை விரிச்சா இரண்டு ஓரமும் வளைவாத்தான் வரும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன், உங்க அளவை இதில் மாத்திக்குங்க.

மணிக்கட்டுச் சுற்றளவு 17 செ.மீ., முழங்கைக்கு இரண்டு விரல் கீழ 25 செ.மீ., நீளம் 18 செ.மீ. என்று வைங்க. கயிறு கட்ட 2.5 செ.மீ. இடைவெளி விடணும், அதைக் கழிங்க. அப்புறம் எல்லாரும் மறக்கற விஷயம் தோலின் கனம். 3 மி.மீ. தோல் கையைச் சுத்தி வரும்போது ஏறக்குறைய 1 செ.மீ. தின்னுடும். அதைத் திரும்பக் கூட்டுங்க. ஆக அகலம் கீழே 15.5, மேலே 23.5. இப்ப மணிக்கட்டு ஓரத்தின் நடுப்பகுதி 8 மி.மீ. உள்வாங்கணும். முழங்கை ஓரத்தின் நடுப்பகுதி 12 மி.மீ. வெளியே வரணும்.

பேப்பரில் சரியா வந்தாலும் நம்பாதீங்க. காலண்டர் அட்டை மாதிரி கெட்டியானதில் வெட்டி, கையில் கட்டி, மணிக்கட்டையும் முழங்கையையும் முழுசா மடக்கிப் பாருங்க. இடிச்சா நீளத்தைக் குறைங்க. இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனியா அளவு எடுங்க, பெரும்பாலும் ஒண்ணா இருக்காது.

சித்தூர்: வாங்கின தோல் வெஜ் டேனா குரோமான்னு எரிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு சொல்றாங்களே சார்?

எரிக்காதீங்க. குரோம் தோல் எரியும்போது அதில் இருக்கிற குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறலாம். வீட்டுக்குள்ள அந்தப் புகை வேண்டவே வேண்டாம்.

வெட்டின ஓரத்தைப் பாருங்க. நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரிஞ்சா குரோம். சாயம் உள்வரைக்கும் ஏறித் தெரியலைன்னா, வினிகரில் துருப்பிடிச்ச ஆணியை ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை சதைப் பக்கத்தில் (சொரசொரப்பான உள்பக்கம்) ஒரு சொட்டு விடுங்க. சில நிமிஷத்தில் கருநீலமா மாறினா அதில் பட்டைச் சத்து இருக்கு. குரோமில் பதப்படுத்தி மேலுக்கு மட்டும் பட்டைச் சாறு கொடுத்த தோலும் கொஞ்சம் கறுக்கும், அதனால ஓரத்தையும் சேர்த்துப் பாருங்க.

அதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கை. ஈரத் தோலை இரும்பு கிட்ட கொண்டு போகாதீங்க. இரும்பு வாளி, இரும்பு அரத்தூள் படிஞ்ச மேசை, ஸ்டாம்பைத் தேய்ச்ச கை, எல்லாமே கறுப்புப் புள்ளி வைக்கும். பிளாஸ்டிக் பேசின் வைங்க. புள்ளி விழுந்துட்டா உடனே எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைச்சு, பிறகு வெறும் தண்ணியில் துடைங்க.

திருத்தணி: எவ்வளவு ஈரம் இருக்கணும்? ஒரு நாள் ஸ்டாம்ப் ஆழமா விழுது, மறுநாள் விழவே மாட்டேங்குது.

பூவேலையில் பாதி இந்த ஈரம்தான். இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சால் நல்லா நனைங்க. பாலித்தீன் பையில் சுத்தி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் எடுத்து வெளியே வைச்சா, மேல்பக்கம் ஏறக்குறைய பழைய நிறத்துக்குத் திரும்பும், ஆனா கன்னத்தில் வைச்சுப் பார்த்தா குளிர்ச்சி தெரியும். அந்த நேரம்தான் சரி. ஸ்டாம்பைச் சுத்தித் தண்ணி கசிஞ்சா ஈரம் அதிகம், அச்சு சேறு மாதிரி மழுங்கும். கத்தி இழுத்து இழுத்துப் போனா காய்ஞ்சுடுச்சு.

சித்திரை வெயிலில் நம்ம பக்கம் சீக்கிரம் காயும். ஃபேனை நிறுத்திட்டு, வேலை நடக்காத பாதியை ஈரத்துணி போட்டு மூடி வைங்க. பையில் ஒரு நாளுக்கு மேல விடாதீங்க, பூஞ்சை பிடிக்கும்.

சரியான ஈரத்தில் ஸ்விவல் கத்தியால் (அலகு சுழலற கத்தி) கோடு வெட்டுங்க. ஆழம் தோல் கனத்தில் மூணில் ஒரு பங்கு, அதாவது 1 மி.மீ. பாதிக்கு மேல போனா, கையில் வளைக்கும்போது அந்தக் கோட்டில் விரியும். இரண்டு கோடு சந்திக்கிற இடத்துக்கு ஒரு நூல் முன்னாடியே கத்தியைத் தூக்கிடுங்க, குறுக்கே வெட்டிக்கிட்டுப் போகாதீங்க. அப்புறம் பெவலர், அதாவது கோட்டின் ஒரு பக்கத்தைச் சரிவா அமுக்கற ஸ்டாம்ப். ஒவ்வொரு அடிக்கும் பாதி அகலம்தான் நகரணும், தாண்டித் தாண்டி அடிச்சா படிக்கட்டு தெரியும். கடைசியில் படத்தைச் சுத்தி இருக்கிற இடத்தை அமுக்கற பின்னணி ஸ்டாம்ப்.

அடியில் வைக்கிற கல் முக்கியம். குப்பத்துப் பக்கம் கிரானைட் வெட்டுத் துண்டு சுலபமாக் கிடைக்கும், 3 செ.மீ. கனத்துக்குக் குறையாம எடுங்க. சமையல் மேடைக் கடப்பா கல் மெலிசு, அடி எதிரொலிக்கும். ரப்பர் ஷீட் கல்லுக்குக் கீழதான், மேல இல்லை. சுத்தியல் வேண்டாம், மரம் அல்லது நைலான் கொட்டாப்புளி. அடிக்கறதுக்கு முன்னாடி சதைப் பக்கம் அகலப் பேக்கிங் டேப் ஒட்டிட்டா தோல் விரியாது.

புத்தூர்: ஆபீஸ் பேக் தோல்ல பண்ணலாமா?

குப்பத்துக்காரருக்குச் சொன்னதேதான். பேக், சோபா, ஷூ, ஜாக்கெட் எதுவும் வேண்டாம்.

காளஹஸ்தி: அண்ணா, சித்தூர்க்காரருக்குச் சொன்ன வினிகர்-ஆணித் தண்ணியையே தோலுக்குக் கறுப்புச் சாயமாவும் போடறாங்க. அதுக்கு வினிகரும் ஆணியும் எதுக்கு? எங்க ஊரில் கலம்காரிக்கு வெல்லமும் இரும்பும் ஊறப்போட்டுக் கறுப்பு மை எடுக்கறாங்க. அதைத் தோலுக்கே போடலாமே?

நல்ல கேள்வி. துணியில் நடக்கறதும் தோலில் நடக்கறதும் ஒரே வேலை. துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த தண்ணியில் முக்கறாங்க, பிறகு புளிச்ச இரும்புத் தண்ணியால் எழுதறாங்க. கடுக்காய்ச் சத்தும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகுது. வெஜ் டேன் தோலில் அந்தச் சத்து ஏற்கனவே இருக்கு, அதனால கலம்காரி மை கட்டாயம் பிடிக்கும்.

பேர்ணாம்பட்டு: பிடிக்கும், ஆனா எறும்பும் வரும். அது வெல்லத் தண்ணி. ஐப்பசி மழையில் தோல் பிசுபிசுக்கும், பூஞ்சை ஏறும். துணியை ஆத்துத் தண்ணியில் அலசறாங்க, தோலை அலச முடியுமா?

காளஹஸ்தி: நல்லாப் புளிச்ச மையில் வெல்லம் எங்கே மிச்சம் இருக்கு? வினிகர் நாத்தமும் இல்லை. கறுப்பும் வினிகர்க் கறுப்பைவிட ஆழம்.

இரண்டு பேர் சொல்றதிலும் விஷயம் இருக்கு. முழுசாப் புளிச்ச மையில் இனிப்பு குறைஞ்சிடும், ஆனா ஒட்டற பொருள் கொஞ்சம் தங்கும். துணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சொர்ணமுகியில் ஓடற தண்ணியில் அலசினா போயிடும். தோலில் அதைப் போக்கணும்னா ஊறப்போட்டு அலசணும். பூவேலை பண்ணின தோலை ஊறப்போட்டா பெவலர் பள்ளம் தளர்ந்து மேலே வரும், படம் மழுங்கும். என் பதில் இந்த ஒரு காரணத்தில் நிக்குது: பூவேலைக்கு வினிகர், பூவேலை இல்லாத வெறும் காப்புக்குக் கலம்காரி மை. வினிகர் அமிலம் காய்ஞ்சா பெரும்பாலும் ஆவியாப் போயிடும், துடைச்சாலே போதும்.

காளஹஸ்தி: அப்ப கலம்காரிப் பேனா வைச்சுக் கோடு மட்டும் எழுதினா?

எழுதலாம், அழகா வரும். ஆனா தோல் முழுசாக் காய்ஞ்சிருக்கணும். துணியில் பாலின் கொழுப்புதான் மையைப் பரவாம நிறுத்துது. தோலில் அந்தத் தடுப்பு இல்லை, ஈரம் இருந்தா கோடு முடி முடியாப் பரவும். கழிவுத் துண்டில் எழுதிப் பார்த்துட்டு அப்புறம் காப்பைத் தொடுங்க.

வினிகர் முறை இதுதான். கடையில் கிடைக்கிற வெள்ளை வினிகர் 1 லிட்டர். ஸ்டீல் உல் ஒரு கைப்பிடி, எண்ணெய்ப் பிசுக்குப் போக சோப்பால் கழுவினது. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை இறுக்காதீங்க. வாயு சேரும், இறுக்கி மூடினா வெடிக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீங்க, அந்த வாயு தீப்பிடிக்கும். ஒண்ணு இரண்டு வாரம் கழிச்சுத் துணியில் வடிகட்டுங்க. பிரஷ்ஷால் ஒரு பூச்சு. முதலில் சாம்பலாத் தெரியும், காத்துப் பட்டுக் கறுக்கும். கறுப்பு போதலைன்னா இரும்புத் தண்ணியை மேல மேல ஊத்தாதீங்க. கடுக்காய்க் கஷாயம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, அப்புறம் ஒரு பூச்சு.

கறுத்ததும் அரை லிட்டர் தண்ணியில் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஸ்பாஞ்சால் துடைங்க, நுரைக்கும். பிறகு வெறும் தண்ணியில் இரண்டு தடவை துடைங்க. இதை விட்டுட்டா மிச்ச அமிலமும் இரும்பும் வருஷக்கணக்கில் தோலைப் பொடியாக்கும்.

குடியாத்தம்: நாட்டு மருந்துக் கடை அன்னபேதி போட்டாலும் கறுக்குமே?

கறுக்கும். போடாதீங்க. அது இரும்பின் சல்பேட் உப்பு. கறுப்பாகும்போது கந்தக அமிலம் தோலிலேயே தங்கும், அது வினிகர் மாதிரி ஆவியாப் போகாது. தோல் மெதுவா வெந்து உதிரும்.

ஊத்துக்கோட்டை: சார், என் பேக் தோல் இத்தாலியன்னு சொன்னாங்க. அதில் பூவேலை வருமா?

எந்த நாட்டுத் தோலாவும் இருக்கட்டும், கேள்வி வெஜ் டேனா இல்லையா என்பதுதான். சித்தூர்க்காரருக்குச் சொன்ன சோதனையைப் பண்ணிட்டுக் கேளுங்க. பேக் தோல் பற்றி இனி யாருக்கும் தனிப் பதில் கிடையாது.

சத்தியவேடு: வில்வித்தை பழகறேன், இதே காப்பை நாண் படற கைக்குப் போட்டுக்கலாமா?

கட்டறதும் பூவேலையும் வெளிப்பக்கம் இருக்கணும். முன்கையின் உள்பக்கம் வழவழப்பா, ஒரு ரிவெட் கூட இல்லாம இருக்கணும். நாண் எதிலாவது சிக்கினா காயம் நிச்சயம். கூடுதலா உங்க பயிற்சியாளரைக் கேளுங்க.

பலமநேர்: பூவேலை முடிஞ்சது அண்ணா. எப்படி வளைக்கிறது? கொதிக்கிற தண்ணியில் போட்டா கெட்டியாகும்னு ஒருத்தர் சொன்னார்.

கொதிநீர் வேண்டாம். தோல் சுருங்கும், அளவும் போகும், படமும் போகும்.

முதலில் தட்டையா இருக்கும்போதே ஓட்டை போடுங்க. ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. உள்ளே, நீளவாக்கில் முனையிலிருந்து 1.5 செ.மீ. விட்டு, 3 செ.மீ.க்கு ஒண்ணு. 18 செ.மீ. நீளத்துக்குப் பக்கத்துக்கு 6 ஓட்டை வரும். ஓரத்தை எட்ஜ் பெவலரால் (ஓரம் சீவற கருவி, பூவேலை ஸ்டாம்ப் இல்லை) சீவி, லேசா ஈரம் பண்ணி, துணியால் சூடேறத் தேய்ச்சா பளபளப்பாகும். கறுப்புப் போடறதா இருந்தா இப்பவே போடுங்க, அந்த ஈரத்திலேயே வளைச்சுடலாம்.

வளைக்கும்போது மேல்தோல் ஏறக்குறைய 5 சதவீதம் இழுபடும். காய்ஞ்ச தோலை வளைச்சா கத்தி போட்ட கோடெல்லாம் வாய் திறக்கும். டேப்பை உரிச்சுட்டு, சதைப் பக்கம் லேசா நனைச்சு, கையைவிடக் கொஞ்சம் ஒல்லியான பாட்டிலில் சுத்தி, கிரேப் பேண்டேஜால் கட்டுங்க. கயிறு வேண்டாம், தடம் பதியும். நிழலில் ஒரு நாள். காய்ஞ்சதும் எண்ணெய் சில சொட்டு, சதைப் பக்கத்திலிருந்து.

நகரி: எண்ணெய்னா தேங்காய் எண்ணெய் போதுமா?

சில சொட்டுன்னா போதும். அதிகமானா தோல் தொளதொளக்கும், மார்கழிக் குளிரில் வெள்ளையா உறையும். ஆளி விதை எண்ணெய் வேண்டாம், காய்ஞ்சு விறைக்கும்.

குப்பம்: ஐலெட் (கயிறு ஓட்டையில் பதிக்கிற வளையம்) எது வாங்கறது? கடையில் இரும்புக்கு முலாம் பூசினது பாதி விலைக்குத் தர்றாங்க.

பித்தளை மட்டும். காந்தம் ஒட்டினா திருப்பிக் கொடுங்க. முலாம் தேயும், வேர்வை இறங்கும், ஒவ்வொரு ஓட்டையைச் சுத்தியும் கறுப்பு வளையம் வரும். கயிறு ஒரு கைக்கு 120 செ.மீ. வெட்டிக்குங்க, முடிச்சுக்கும் சேர்த்துச் சரியா இருக்கும்.