தேவன் சொன்னது எப்படி மாறும்?

கேள்வி: சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பர் மார்மன். ஒரு தீர்க்கதரிசி தேவனின் கட்டளை என்று சொன்ன பலதார மணத்தை இன்னொருவர் நிறுத்திவிட்டார். கறுப்பினத்தவருக்கு இருந்த தடையும் அப்படியே போனது என்கிறார். முன்னவர் சொன்னது தேவவாக்கு என்றால் பின்னவர் அதைக் கைவிடுவது எப்படி? மனம் நோகாமல் அவரிடம் இதை எப்படிக் கேட்பது?

பதில்: ‘கைவிட்டார்கள்’ என்பதில் பாதிதான் உண்மை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (மார்மன் சபையின் முறையான பெயர்) ஒரு போதனை ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் நடைமுறை நிற்கும். பிறகு, அதற்குச் சொல்லிவந்த விளக்கம் பாடப்புத்தகங்களிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுகொள்ளும். ‘அது தப்பு’ என்ற பேச்சு கடைசியில் வரும், வராமலும் போகும்.

பலதார மணம், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தேவன் தனக்கு அறிவித்தது என்று 1843-இல் எழுதவைத்த வெளிப்பாடு. 1852-இல் யூட்டாவில் பகிரங்கமாக அறிவித்தார்கள். அமெரிக்க அரசு விடவில்லை. 1882 சட்டப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரோடு குடித்தனம் நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை, 300 டாலர் வரை அபராதம். 1887 சட்டம் சபையின் சட்ட அந்தஸ்தையே கலைத்து, 50,000 டாலருக்கு மேற்பட்ட சொத்தில் கைவைத்தது. 1890 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. செப்டம்பரில் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அறிக்கை விட்டார்.

அந்த அறிக்கையின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். நாட்டின் சட்டம் தடுக்கும் திருமணத்தைச் செய்ய வேண்டாம் என்பது என் ‘ஆலோசனை’ என்கிறார். வெறும் ஆலோசனை! முன்பு சொன்னது பிழை என்று ஒரு சொல் கிடையாது. நிறுத்தாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கர்த்தர் தரிசனத்தில் காட்டினார் என்று அவர் விளக்கியது மறு ஆண்டில். விட்ட அந்தச் சந்தில் மெக்சிகோவிலும் கனடாவிலும் ரகசியத் திருமணங்கள் தொடர்ந்தன. 1904-இல், மீறினால் சபைநீக்கம் என்று இரண்டாவது அறிக்கை வர வேண்டியிருந்தது. 1843 வெளிப்பாடோ இன்றும் சபைக்கே உரிய வேதநூல் ஒன்றில் 132-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது.

கறுப்பினத்தவர் விஷயம் இதைவிடச் சிக்கல். ஆசாரியத்துவம் (சபையில் சாதாரண ஆண்களுக்கும் தரப்படும் ஆசாரிய அதிகாரம்) அவர்களுக்கு இல்லை என்று ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் 1852-இல் அறிவித்தார். 1949-இல் சபைத் தலைமை, இது வெறும் கொள்கை முடிவல்ல, கர்த்தரின் நேரடிக் கட்டளை என்று எழுதியே கொடுத்தது. பிரேசிலில்தான் கணக்கு உதைத்தது. கலப்பு வம்சம் நிறைந்த நாட்டில் யார் உடம்பில் ஆப்பிரிக்க ரத்தம் என்று எப்படிப் பிரிப்பது? சாவ் பாவ்லோவில் எழுந்துகொண்டிருந்த கோயிலுக்குக் காசு கொடுத்தவர்களில் சிலருக்கே இந்தத் தடையால் உள்ளே போக முடியாத நிலை. 1978 ஜூனில் தடை நீங்கியது. தடைக்குக் காரணம் கற்பித்தவர்களில் ஒருவரான அப்போஸ்தலர் (சபையின் உயர்மட்டத் தலைவர்) புரூஸ் மெக்கான்கி, நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று அந்த ஆகஸ்டிலேயே சொன்னார். பழைய விளக்கங்களைச் சபை ஏற்கவில்லை என்று எழுத்தில் வந்ததோ 2013-இல், 35 ஆண்டு கழித்து. அப்போதும் தடையே தவறு என்று சொல்லவில்லை.

ஏன் இந்த இழுவை? சபைத் தலைவர்தான் அங்கே தீர்க்கதரிசி, ஆயுள் முழுக்கப் பதவியில் இருப்பார். அடுத்தவர் அப்போஸ்தலர்களில் மூத்தவர். தலைமையில் மூவர், அப்போஸ்தலர் பன்னிருவர். பெரிய முடிவென்றால் பதினைந்து பேரும் ஒருமனப்பட வேண்டும். ஒருவர் முரண்டினால் காத்திருக்க வேண்டியதுதான். வெளி நெருக்கடி முற்றும்போதுதான் பெரும்பாலும் அந்த ஒருமனம் கூடுகிறது. இன்னொன்று, இறந்த தீர்க்கதரிசியைவிட உயிரோடிருப்பவரின் வாக்கே முக்கியம் என்பது அங்கே போதனை. அதனால் புதியதைச் சேர்ப்பது எளிது. பழையதைப் பிழை என்றால் தன் நாற்காலியும் ஆடும். எனவே பழையதற்குப் பெயர் மாற்றுகிறார்கள்: நேற்று கட்டளை, இன்று கொள்கை. பிரிகாம் யங் ஆதாமைத் தேவனாக்கிப் பேசியதை மட்டும் 1976-இல் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் பொய்ப் போதனை என்றே ஒதுக்கினார். அது அபூர்வம்.

நண்பரிடம் “உங்கள் தீர்க்கதரிசி பொய் சொன்னாரா?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “இது இன்றும் உங்களைக் கட்டுப்படுத்துமா? வேதநூலில் உண்டா, இப்போதைய பாடப்புத்தகத்தில் உண்டா?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். அவற்றுக்கு வேறு வேறு பதில் வந்தால் அங்கிருந்து பேச்சைத் தொடரலாம். முன்னதாக 1890 அறிக்கையைப் படித்துவிடுங்கள். ஒரு பக்கம்தான், உட்ரஃபின் பிந்தைய விளக்கமும் கீழேயே இருக்கும். பலதார மணத்தை விடாமல் பிரிந்துபோன குழுக்களோடு அவரைச் சேர்த்துப் பேசிவிடாதீர்கள். அதைச் செய்பவர்களை அவருடைய சபை நீக்கிவிடுகிறது. அவருடைய கொள்ளுப்பாட்டியே ஒருவரின் மூன்றாவது மனைவியாக இருந்திருக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.