80 வயதைத் தாண்டியவர்களுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வர என்ன காரணம்?

ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை என்று எல்லோரும் சொல்கிற பட்டியல் 80 வயதிலும் பொருந்தும்தான். ஆனால் அந்த வயதில் நாடித்துடிப்பையும் பார்க்காமல் விடக்கூடாது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே படபடத்தால், இடது மேலறையின் மூலையில் ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய்க் குழாயை அடைத்துவிடும். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் 50களில் இருந்தவர்களின் பக்கவாதத்தில் 1.5 சதவீதத்துக்கே இது காரணம், 80களில் 23.5 சதவீதம்!

இதயம் இப்படிப் படபடப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். துடிப்பு தாறுமாறாக வந்தால் ஈசிஜி எடுத்துவிடுங்கள். அப்புறம், "தாத்தா கீழே விழுந்தால் ரத்தம் நிற்காதே" என்று பயந்து, இதற்காக மருத்துவர் கொடுத்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம், எடை பார்த்து அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.