ஸ்டென்ட் வைக்கும்போது அப்பாவுக்கு வலிக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு. அடுத்த வாரம் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற வலைக்கம்பிக் குழாயை வைக்கப்போகிறார்கள். மயக்கம் கொடுப்பார்களா, வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

பதில்: முழு மயக்கம் பொதுவாகத் தேவைப்படாது. மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசியும், பதற்றம் தணிய லேசான மருந்தும் போதும். நடுவில் 'மூச்சை இழுத்துப் பிடியுங்கள்', 'நெஞ்சு வலிக்கிறதா' என்று டாக்டர் கேட்பார் என்பதால் அவர் விழித்திருப்பதுதான் வசதி. நேராக இருக்கும் ஓர் அடைப்புக்கு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம். குழாய் கிளை பிரியும் இடத்தில் அடைப்பு இருந்தாலோ, சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தாலோ நேரம் கூடும். வெளியே காத்திருப்பவர்கள் நேரம் நீள்வதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

முதல் நாளே இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். ஒன்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு. குழாயைப் படம் பிடிக்கச் செலுத்தும் அயோடின் சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மெட்ஃபார்மினை அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பரிசோதித்துவிட்டுத் தொடரச் சொல்வார்கள். இரண்டாவது, காலை மாத்திரைகள். 'வெறும் வயிறு' என்றதும் ரத்த உறைவைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சேர்த்தே விட்டுவிடுபவர்கள் உண்டு. தவறு. டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, ஒரு வாய் தண்ணீரோடு இரண்டையும் விழுங்கியிருக்க வேண்டும்.

இனி உள்ளே நடப்பது. மணிக்கட்டுத் தமனிக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஷீத் என்ற குறுங்குழாய் நுழையும். அதன் வழியே கதீட்டர் என்ற மெல்லிய நீண்ட குழாய் இதயம் வரை போகும். ரத்தக்குழாய்க்குள் வலி உணரும் நரம்பு கிடையாது, அதனால் பயணம் தெரியாது. சிலருக்குக் கைத்தமனி சுருங்கிக்கொண்டு முழங்கைப் பக்கம் இறுக்கிப் பிடிக்கும். உடனே சொன்னால் குழாயை விரிக்கும் மருந்து கொடுப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் பயனில்லை.

அடுத்து, முடி போன்ற ஒரு கம்பி அடைப்பைத் தாண்டிப் போகும். தடிமன் 0.36 மில்லிமீட்டர். அதன்மேல் சுருங்கிய பலூனை நகர்த்தி, அடைப்பின் நடுவில் நிறுத்தி, 10 முதல் 14 வளிமண்டல அழுத்தத்தில் ஊதுவார்கள். கார் டயரின் அழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு! ஊதுவது காற்று அல்ல, உப்புநீர் கலந்த சாய மருந்து. பலூன் வெடித்தாலும் காற்று ரத்தத்தில் சேரக்கூடாது என்பதற்காக. விரிந்த அந்தப் பத்திருபது விநாடிகள் அந்தக் குழாயில் ரத்த ஓட்டம் நின்றுபோகும், பழைய நெஞ்சுவலி அப்படியே திரும்பி வரலாம். அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பலூனைச் சுருக்கியதும் வலி அடங்கத் தொடங்கும். அடங்காவிட்டால் சொல்ல வேண்டும். கிளைக்குழாய் ஒன்று நசுங்கியிருக்கலாம், அல்லது குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். இரண்டையும் பெரும்பாலும் அங்கேயே சரிசெய்ய முடியும்.

ஸ்டென்ட் இன்னொரு பலூன்மேல் ஏறி வரும். விரிந்து சுவரோடு ஒட்டியதும் பலூன் வெளியே வந்துவிடும், வலைக்கம்பி உள்ளேயே தங்கும்.

முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டி, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்குவார்கள். தொடை வழியாகச் செய்தால் காலை மடக்காமல் நான்கு முதல் ஆறு மணி நேரம் படுக்க வேண்டும். டாக்டர் தடுக்காவிட்டால் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். குழாய் நுழைந்த இடத்தில் தோல் நீலம் பாய்வது சாதாரணம். வேகமாகப் புடைத்தாலோ ரத்தம் கசிந்தாலோ அதன்மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டே ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு வாரம் வரை கனமாக எதையும் தூக்க வேண்டாம்.

உண்மையில் நான் அதிகம் அஞ்சுவது மேசைமேல் இருக்கும் நேரத்துக்கு அல்ல, வீட்டுக்குப் போன பிறகு மறந்துபோகும் மாத்திரைகளுக்கு. ஸ்டென்ட் கம்பியின்மேல் புதிய உட்தோல் போர்த்த மாதக்கணக்காகும். அதுவரை ரத்தத்துக்கு அது வெறும் உலோகம். ரத்தத்தட்டணுக்கள் ஒட்டி உறைந்தால் குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும், விளைவு மாரடைப்பு. ஆகவே இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள், பொதுவாக ஆறு மாதம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு வருடம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு டாக்டர் குறைப்பார். பிறகு ஒன்று மட்டும் நீண்டகாலம் தொடரும்.

வயிற்றெரிச்சலுக்குக் கடையில் தாமாக ஒமிப்ரசோல் வாங்க வேண்டாம், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். குளோபிடோக்ரெலுக்குப் பதில் டிகாக்ரெலர் கொடுத்திருந்தால் மூச்சு வாங்குவது போலிருக்கலாம். டாக்டரிடம் சொல்லி மாற்றலாம், தானாக நிறுத்தக்கூடாது. பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ போனால், 'மாத்திரையை ஐந்து நாள் நிறுத்துங்கள்' என்பார்கள். அப்போது இதய மருத்துவரிடம் ஒரு போன் பேசாமல் நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்த தேதியும் அளவும் எழுதிய அட்டையை அப்பாவின் பர்ஸிலேயே வைத்துவிடுங்கள்.