மிருக வைத்தியம் கிடைக்குமா, மகள்?

படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். தகப்பனுக்கு இருபது மாடுகள். உயர்தரம் உயிரியல் பிரிவில் முதல் தடவை எழுதிப் பெறுபேறும் வந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் அவருடைய இசட் புள்ளி, மட்டக்களப்பு மாவட்டத்தில் மிருக வைத்தியத்துக்குப் போன வருடம் வந்த வெட்டுப்புள்ளியைவிட 0.04 குறைவு. அதற்கு முந்தின வருட வெட்டுப்புள்ளியோடு பார்த்தால் அதிகம். கல்முனையில் இருக்கும் மச்சாளுக்கு வேறு வெட்டுப்புள்ளி சொல்கிறார்களாம், அது ஏன் என்று கேட்கிறார். விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதலில் போட்டால் மிருக வைத்தியம் கைவிட்டுப் போகுமா, இரண்டாம் தடவை எழுதத்தான் வேண்டுமா என்பவை மற்றக் கேள்விகள்.

மகள், முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் புத்தகத்தைக் கட்டி வைக்கும் அளவுக்கு இல்லை. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடம் ஒன்றே ஒன்றுதான், பேராதனையில். மருத்துவம் என்றால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று பல கதவுகள். இதற்கு ஒரே கதவு. அந்தக் கதவால் உள்ளே போகும் இடங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன.

கணக்குக்காக 100 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 3 இலட்சத்து 60 ஆயிரம், மட்டக்களப்பில் 5 இலட்சத்து 26 ஆயிரம். அதாவது நூற்றுக்கு இரண்டரை. மாவட்டங்களுக்கான 55 இடத்தில் அந்தப் பங்கு ஒன்றரை ஆளுக்கும் கொஞ்சம் குறைவு. பின்தங்கிய மாவட்டப் பங்கில் அரை ஆள்கூடத் தேறாது. அம்பாறையில் 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர் என்பதால் அங்கே ஒன்றே முக்கால் ஆள். பீடம் எடுக்கும் தொகை கூடினால் இதுவும் கூடும். ஆனாலும் விரல் விட்டு எண்ணும் கணக்குத்தான்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி என்பது யாரோ உட்கார்ந்து போட்ட கோடு அல்ல. கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் இசட் புள்ளிதான் அது. இரண்டு மூன்று பேர் மட்டும் போகும் வரிசையில், முன்னுக்கு நிற்கும் ஒரு பிள்ளை "எனக்கு மிருக வைத்தியம் வேண்டாம்" என்று விருப்பப் பட்டியலில் கீழே போட்டாலே கோடு சட்டென்று இறங்கும். மருத்துவம் மயிரிழையில் தவறிய இரண்டு பேர் அதை இரண்டாவதாகப் போட்டிருந்தால் ஏறும். நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பாடநெறியின் வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் பெரிதாக ஆடாது. இது ஆடும். அதனால் போன வருட எண் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அழவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். நான்கைந்து வருடத்து எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் மருத்துவம், பல் வைத்தியம், மிருக வைத்தியம், அதற்கு அடுத்து வரும் பாடநெறி என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். உங்கள் புள்ளி எத்தனை வருடத்தில் மேலே நிற்கிறது, எத்தனையில் கீழே என்று பாருங்கள். ஐந்தில் இரண்டில் மேலே என்றால் நான் அதை நல்ல நிலை என்றுதான் சொல்வேன்.

வெட்டுப்புள்ளி வந்த அன்று எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. தெரிவான பிள்ளைகளில் சிலர் பதிவு செய்ய மாட்டார்கள். சிலர் வெளிநாடு போவார்கள். வெற்றிடம் நிரப்பும்போது அடுத்த ஆளுக்குக் கடிதம் வரும். நூலளவில் தவறியவர்களுக்குத்தான் அது உதவும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

இனி அந்த 0.04. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லாரின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் பிரித்தால் அந்தப் பாடத்துக்கான இசட் வரும். மூன்று பாடத்துக்கும் எடுத்துச் சராசரி பார்த்தால் உங்கள் இசட் புள்ளி. மொத்தத்தில் 0.04 கூட வேண்டுமென்றால் ஒரு பாடத்தில் மட்டும் 0.12 கூடினால் போதும். நியம விலகல் 20 என்று வைத்தால் அது இரண்டரைப் புள்ளி. பௌதிகவியலில் இரண்டு மூன்று பல்தேர்வு வினா! அவ்வளவுதான் உங்களுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் இருந்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் பிள்ளைகளும் அதே இரண்டு மூன்று வினாவில்தான் நிற்கிறார்கள்.

மச்சாளுடைய கதைக்கு வருவோம். கல்முனை அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பு மாவட்ட எல்லையில் இருக்கும் துறைநீலாவணையிலிருந்து பார்த்தால் எட்டி நடக்கும் தூரம், ஆனால் பட்டியல் வேறு. மாவட்டத்துக்கு மாவட்டம் போட்டியிடும் பிள்ளைகள் வேறு, இடமும் வேறு, ஆகவே கோடும் வேறு. இதைக் கேட்டதும் சில பெற்றார் பாடசாலையை மாற்றலாமா என்று யோசிப்பார்கள். உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். கடைசி நேரத்தில் இடம் மாறிய பிள்ளைகள் விண்ணப்பத்தில் மாவட்டத்தைப் பிழையாகப் போட்டுவிட்டுப் பின்னால் அலைவதைக் கண்டிருக்கிறேன். மச்சாள் மட்டக்களப்பு நகரப் பாடசாலை ஒன்றுக்கு இடையில் வந்தவர் என்றால், இந்த விதி உள்ள பகுதியை ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவத்தை முதலில் போடலாமா? தாராளமாகப் போடுங்கள். வருடா வருடம் யாரோ ஒரு ரியூசன் வாசலில் கிளப்பிவிடும் பயம் இது. நீங்கள் போட்ட வரிசையில், உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய மேலான விருப்பத்தைத்தான் தருவார்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதற்காக மிருக வைத்தியத்தில் உங்களைப் பின்னுக்குத் தள்ள மாட்டார்கள். பிழை நடப்பது வேறு இடத்தில். "பேராதனை தூரம், வந்தாறுமூலை பக்கம்" என்று வீட்டில் சொன்னார்கள் என்பதற்காகக் கிழக்குப் பல்கலைக்கழக விவசாயத்தை மேலேயும் மிருக வைத்தியத்தைக் கீழேயும் போட்டால், விவசாயம் கிடைத்த அந்த நிமிடமே மற்றது முடிந்தது. கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடக் கூடாது. வேண்டும் என்று நினைப்பதை மேலே போட வேண்டும். இன்னொன்று, பதிவு செய்துவிட்டு "பிறகு மாறலாம்" என்று இருக்காதீர்கள். மறுபடி எழுதும் எண்ணம் இருந்தால், கையெழுத்து வைக்க முன்பே அந்த வருடக் கைநூலில் பதிவு செய்தவர்களுக்கான விதியைப் பாருங்கள்.

இரண்டாம் தடவை பற்றி என் அபிப்பிராயம்: எழுதுங்கள். வெட்டுப்புள்ளி வர மாதக் கணக்காகும். அதுவரை காத்திருந்து, இல்லை என்று தெரிந்த பிறகு படிக்கத் தொடங்கினால் நேரம் போயிருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்கு மொத்தம் மூன்று தடவைதான் எழுதலாம், உங்களுக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் எது தாழ்ந்திருக்கிறதோ அதில் இறங்குங்கள். ஏற்கனவே நன்றாகச் செய்த பாடத்தை மெருகூட்டுவது சுகமாக இருக்கும், ஆனால் புள்ளி அங்கே ஏறாது. மூன்று பாடத்துக்கும் புறம்பாக எல்லாரும் எழுதும் பொதுத் தாளில் 30 புள்ளி எடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அதைக் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு.

வெளிநாட்டில் படிக்கலாமே என்று முகவர்கள் வருவார்கள். இந்தியாவில் இந்தப் பட்டம் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். எந்த நாடானாலும், காசு கட்ட முன்பு இலங்கை மிருக வைத்தியர் பேரவைக்கு எழுதி, அந்தப் பட்டத்தோடு இங்கே பதிவு செய்ய முடியுமா, என்ன பரீட்சை எழுத வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது.

நான் எழுதிய காலத்தில் இசட் புள்ளி இல்லை. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடம், நாலு பாடத்து மொத்தப் புள்ளிதான் கணக்கு. மருத்துவம் தவறித்தான் மிருக வைத்தியத்துக்குள் வந்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. முதல் வருடம் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பின்பு ஒரு நாள் பண்ணையில் முதல் தரம் ஒரு பசுவைச் சினைப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். தோள் வரை கையுறை, உள்ளே கை, வெளியே மழை. குடலுக்கு அடியில் கருப்பையைத் தேடித் தேடி ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற ஆசிரியர் "அவசரப்படாதே, மணிக்கட்டைத் தளர விடு" என்றார். விட்டேன். பலூனுக்குள் தண்ணீர் நிறைத்த மாதிரி ஒன்று விரல் நுனியில் மெல்ல ஆடியது. அன்றைக்குப் பிறகு மருத்துவத்தை நினைத்து நான் கவலைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

எல்லா நாளும் அப்படி இருக்காது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் விறைத்துச் செத்தன. மேய்ச்சல் தரையில் பட்டிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருக்க, இறந்த மாட்டை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதிக் கொடுப்பதும் இந்தத் தொழில்தான். படிப்பு ஆங்கிலத்தில். பேராதனையைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பேச்சு சிங்களத்தில். இரண்டையும் இப்போதே கொஞ்சம் தொட்டு வைத்தால் முதல் வருடம் மூச்சு முட்டாது. பெண்பிள்ளைக்குச் சரிவருமா என்று யாராவது கேட்டால், பீடத்தில் இப்போது பெண்கள் நிறையப் பேர் என்று சொல்லுங்கள். கன்று இழுக்கப் பலத்தைவிடப் பொறுமைதான் கூட வேண்டும்.

கிடைக்கவே இல்லை என்றால்? மாடு, ஆடு, கோழியோடுதான் வாழ்க்கை என்று இருந்தால் விலங்கு விஞ்ஞானப் பட்டம் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வந்தாறுமூலை விவசாய பீடத்தில் அதற்கென்று ஒரு துறையே உண்டு. ஆனால் இந்தப் பட்டங்களோடு மிருக வைத்தியராகப் பதிவு செய்ய முடியாது, ஊசி போட்டு வைத்தியம் செய்ய முடியாது. இனவிருத்தி, தீவனம், பால் உற்பத்தி என்று வேறு வழியில் போகும். உங்கள் அப்பாவின் இருபது மாட்டுக்கு அந்த அறிவுதான் சில வேளை கூடப் பயன்படும் என்று நான் நினைக்கிறேன், சக வைத்தியர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

விருப்பப் பட்டியலை நிரப்ப முன்பு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், வைத்தியரோடு இரண்டு நாள் களத்துக்கு வரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விடிய ஆறு மணிக்குப் பட்டி திறக்க முன்பே அங்கே நிற்க வேண்டும். நல்ல உடுப்பு வேண்டாம், செருப்பும் வேண்டாம், முழங்கால் வரை வரும் பூட்ஸ் இருந்தால் போடுங்கள். கையில் ஏறும் வாசம் இரண்டு நாளைக்குப் போகாது. அதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.