லேத்தில் கட் ஏற்றினால் சக் நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் ஓடுகிறது: கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) நிற்கும் நேரத்தில் ஹெட்ஸ்டாக் புல்லியை, அதாவது மோட்டாரிலிருந்து பெல்ட் வந்து சேரும் சக்கரத்தைப் பாருங்கள். அதுவும் நின்றால் வழுக்குவது பெல்ட்தான். புல்லி சுற்றிக்கொண்டே இருந்தால்தான் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, கிளட்ச்தான் என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஹெட்ஸ்டாக்கின் மேல்மூடியைத் திறங்கள். பல பிளேட் கொண்ட கிளட்ச்சாக இருந்தால், பெரும்பாலும் பள்ளங்கள் வெட்டிய ஒரு வளையமும் அதைப் பூட்டும் ஸ்பிரிங் பின்னும் இருக்கும். பின்னை அமுக்கி வளையத்தை ஒரே ஒரு பள்ளம் இறுக்கி, அந்தப் பின் மறுபடியும் பள்ளத்தில் உட்கார்ந்ததை உறுதி செய்துகொண்டு ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் லீவர் 'டக்'கென்று விழ வேண்டும். அளவு மீறி இறுக்கினால் நியூட்ரலிலும் ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) மெல்லச் சுற்றும், பிளேட் சூடேறும். ரிவர்சுக்குத் தனி வளையம் உண்டு, அதை மறக்காதீர்கள்.

அப்புறம் ஆயில். எண்ணெயில் ஓடும் கிளட்சுக்கு மேனுவல் சொல்லும் ஆயில்தான், கையில் கிடைக்கும் கியர் ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கும். பழைய ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள், கருகிய வாடை அடித்தால் பிளேட்டைக் கழற்றியே பார்க்க வேண்டும். பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்து வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். லீவரைப் பாதியில் பிடித்து ஓட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், பிளேட்டைத் தின்பது அதுதான்.