மாலத்தீவில் ஆசிரியர் வேலை: முதல் வாரத்துக்கான கேள்வி பதில்

மாலத்தீவுப் பள்ளிகளில் வேலை கிடைத்துக் கிளம்பத் தயாராகும் நம்மூர் ஆசிரியர்கள் கேட்டவை இவை. மாலேயிலும் வெளித்தீவுகளிலும் பல ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும். அதை மட்டும் பள்ளியிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அக்கா, எனக்கு வெளித்தீவில் போஸ்டிங். வீட்டில் பயப்படுகிறார்கள். தலைநகர் மாலேயிலேயே கேட்டு வாங்கலாமா? (கணித ஆசிரியை, விருதுநகர்)

என்னைக் கேட்டால் முதல் முறை போகிறவர்களுக்கு வெளித்தீவுதான் நல்லது. மாலேயில் இடம் குறைவு, ஆள் அதிகம். வாடகை சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும், பலர் ஒரே ஃபிளாட்டைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறார்கள். தீவில் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். செலவழிக்கவும் பெரிதாக வழி கிடையாது.

ஆனால் ஒன்று. சின்னத் தீவில் உங்களுக்கென்று ரகசியம் எதுவும் இருக்காது. நேற்று இரவு கடையில் என்ன வாங்கினீர்கள் என்பது காலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். இது தொல்லையும்தான், பாதுகாப்பும்தான். காய்ச்சல் என்று ஒருநாள் வராமல் போனால் மதியத்துக்குள் யாராவது கஞ்சியோடு கதவைத் தட்டுவார்கள்.

தீவின் பெயர் தெரிந்ததும் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், மருத்துவமனையா சுகாதார நிலையமா, ஏடிஎம் உண்டா என்று விசாரியுங்கள். குல்ஹுதுஃபுஷி, அட்டு, ஃபுவாமுலா போன்ற பெரிய இடங்கள் என்றால் கவலையே வேண்டாம். சில நூறு பேர் மட்டும் இருக்கும் தீவு என்றால் கொஞ்சம் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது, எதை வைக்கக் கூடாது? (இயற்பியல் ஆசிரியர், தென்காசி)

கூடாததை முதலில் சொல்கிறேன். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் மூன்றுக்கும் அனுமதி இல்லை. சிலை விஷயத்தில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அம்மா ஆசையாகக் கொடுத்த சின்னப் பிள்ளையார்தானே என்று பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள், மாலே விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்துவிடும். நாட்டின் மதம் இஸ்லாம். பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபட முடியாது. கும்பிடுவதை அறைக்குள், மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கொண்டுபோங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் தொடவே வேண்டாம்.

வைக்க வேண்டியவை: குக்கர், அதற்கு உபரி கேஸ்கட், புளி, சாம்பார் பொடி, முழு உளுந்து, சதுர முள் பிளக்குக்கு மாற்றும் அடாப்டர் இரண்டு. அரிசி சுமக்காதீர்கள். அங்கே அரிசி, மாவு, சர்க்கரை மூன்றையும் அரசு மானிய விலையில் விற்கிறார்கள். பொன்னி கிடைக்காது, அவ்வளவுதான். உள்நாட்டு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கடுமை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற இணையப் பக்கத்தில் பயண விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் போலி.

நான் சுத்த சைவம். தாக்குப்பிடிக்க முடியுமா? (உயிரியல் ஆசிரியை, கும்பகோணம்)

முடியும், சமைக்கத் தெரிந்தால். வெளியில் சாப்பிட்டுச் சமாளிக்கலாம் என்றால் முடியாது.

அங்கே உணவு என்றாலே சூரை மீன்தான். காலையில் தேங்காய்த் துருவலும் மீனும் பிசைந்த மாஸ் ஹுனி, மதியம் கருதியா என்ற மீன் ரசம், மாலை டீக்கடைப் பலகாரத்துக்குள்ளும் அதே மீன். நம் தென்மாவட்டக்காரர்களுக்குத் தெரிந்த மாசிக்கருவாடு இந்த ஊர்ச் சரக்குதான். பார்க்க உருளைக்கிழங்கு போண்டா மாதிரி இருப்பதைக் கேட்காமல் கடிக்காதீர்கள். ‘வெஜிடபிள்’ என்று கடைக்காரர் சொன்னாலும் “மாஸ் (மீன்) இருக்கிறதா?” என்று இன்னொரு முறை கேளுங்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் நிறைய.

காய்கறி மாலேயிலிருந்து சரக்குப் படகில் வரும். கடல் கொந்தளித்தால் படகு தள்ளிப்போகும். வெங்காயமும் உருளையும் எப்போதும் இருக்கும், கீரையும் கத்தரிக்காயும் அதிர்ஷ்டம். தூத்துக்குடியிலிருந்து காலங்காலமாக மாலேக்குத் தோணியில் சரக்கு போய்க்கொண்டிருக்கிறது. அந்த வழியில் வந்த தக்காளி விலை தூத்துக்குடிக்காரரையே மயக்கம் போட வைக்கும்.

அப்புறம் தயிர். மாடு இல்லாத ஊர், பால் என்றால் பவுடர் பால் அல்லது பெட்டிப் பால். பவுடர் பாலைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் நான்கைந்து மிளகாய் வற்றல் காம்புகளைப் போட்டு மூடி வையுங்கள். முதல் நாள் கொழகொழவென்று அரைகுறையாக உறையும், வாசனையும் சுமார்தான். அதைக் கொட்டிவிடாமல் அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். இரண்டாவது சுற்றில் வெட்டி எடுக்கிற மாதிரித் தயிர் வரும். அதன்பின் உறைமோரைத் தீரவிடாதீர்கள். பக்கத்துத் தீவில் இருக்கும் கேரள டீச்சர் வரை கேட்டு வாங்கிப்போவார்கள்.

தண்ணீர்? (அவரேதான்)

பல தீவுகளில் இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தருகிறார்கள். குடிக்க மழைநீர்த் தொட்டி இருக்கும். கிணற்றுநீர் உப்பு கலந்தது, குளிக்க மட்டும். முடி கொட்டும் என்ற புகாரை எல்லோரும் சொல்வார்கள், கடைசியில் மழைநீரில் தலையை அலசிப் பழகிவிடுவார்கள்.

வகுப்பறை எப்படி இருக்கும்? பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புரியுமா? (வேதியியல் ஆசிரியர், நாகர்கோவில்)

அந்த நாட்டு மொழியான திவேஹி, இஸ்லாம் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான். பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் எழுதுவார்கள். பாடப்புத்தக ஆங்கிலம் புரியும். நம் வேகத்தில் பேசினால் புரியாது, அதை மரியாதைக்காகச் சொல்லவும் மாட்டார்கள். “புரிந்ததா?” என்றால் வகுப்பே தலையாட்டும். அந்தத் தலையாட்டலை நம்பாமல் யாரையாவது பலகைக்கு அழைத்து ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

நம் வகுப்பு அளவு பழகியவருக்கு அங்கே பாதிப் பெஞ்ச் காலியாக இருப்பது போலத் தோன்றும். பெண் ஆசிரியர் ‘மிஸ்’, ஆண் ஆசிரியர் ‘சார்’. திவேஹி நோட்டை மட்டும் பின்பக்கத்திலிருந்து திறப்பார்கள். ‘தானா’ என்ற அந்த மொழியின் எழுத்து வலமிருந்து இடம் போகும். அது தெரியாமல் கடைசிப் பக்கத்தில் எழுதியதற்குத் திட்டிவிடாதீர்கள்.

தம்பி, இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கை ஓங்குவது, தலையில் குட்டுவது, காதைத் திருகுவது எதுவும் கூடாது. 2019-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. அன்பாகத்தானே குட்டினேன் என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

பள்ளித் தகவல் எல்லாம் வைபரில் வரும், வாட்ஸாப்பில் அல்ல. ஊரிலிருந்தே அதை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். நேரம் நம்மைவிட அரைமணி பின்னால். வாரம் ஞாயிறு தொடங்கி வியாழனில் முடியும். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பீரியடில் அம்மா வீடியோ கால் போடாமல் இருக்க இதை அவருக்கும் சொல்லிவையுங்கள்.

சம்பளத்தை ஊருக்கு அனுப்புவதில் சிக்கல் என்கிறார்களே? (வணிகவியல் ஆசிரியர், ஈரோடு)

உண்மைதான், இதைக் கையெழுத்துப் போடும் முன்பே யோசிக்க வேண்டும். பெரும்பாலான சம்பளம் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில். 2011-லிருந்து டாலருக்கு 15.42 ருஃபியா என்பதுதான் அதிகாரபூர்வ உச்ச விலை, ஆனால் அந்த விலைக்கு டாலர் சுலபமாகக் கிடைக்காது. வெளியே கூடுதல் விலை கேட்பார்கள். வங்கி வழியாக மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பும் உண்டு, அது அவ்வப்போது மாறும்.

ஆகவே ஏஜென்ட் சொல்லும் ரூபாய்க் கணக்கை நம்பி வீட்டுக்கடன் தவணையைத் தீர்மானிக்காதீர்கள். தற்சமயம் அங்கே வேலை செய்யும் இரண்டு பேரிடம் “போன மாதம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது?” என்று நேராகக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வீட்டு வாடகை, திரும்பி வரும் டிக்கெட், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட் “அதெல்லாம் போனதும் பார்த்துக்கலாம்” என்றால் போகாமல் இருப்பதே மேல். விசா வேலைக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால், முடிந்ததும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு உடை, பாதுகாப்பு, பொழுதுபோக்கு? (தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருச்சி)

கையும் காலும் மூடிய, தளர்வான சுரிதார் போதும். தலையை மூடச் சொல்லி நம்மை யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. கடலில் இறங்கினாலும் முழு உடையோடுதான். படங்களில் பார்க்கும் நீச்சலுடைக் காட்சி ரிசார்ட்டிலும் அதற்கென ஒதுக்கிய கடற்கரையிலும் மட்டும். ரமலானில் பகலில் பிறர் முன் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. டிபன் பாக்ஸை ஸ்டாஃப் ரூமில் திறக்காதீர்கள்.

பாதுகாப்புக்குக் குறையில்லை. சாயங்காலம்தான் கனக்கும். ஐந்து மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் இரண்டாவது வாரமே ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பிப்பார்கள். வெளியே வாருங்கள். கடற்கரையோரம் இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய ஜோலி என்ற இருக்கைகள் வரிசையாக இருக்கும். ஊர்ப் பெண்கள் அங்கே உட்கார்ந்து கதை பேசுவார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து “கிஹினே?” என்று நலம் விசாரியுங்கள். திறந்த வெளியில் பெண்கள் பஷி ஆடிக்கொண்டிருந்தால் நின்று பாருங்கள். டென்னிஸ் மட்டையால் முதுகுப்புறமாகப் பந்தை அடிப்பார்கள், எதிரணியினர் பிடிக்க வேண்டும். நாலாவது நாள் உங்களையும் பிடிக்கும் பக்கம் நிறுத்திவிடுவார்கள். பந்து உள்ளங்கையில் பட்டால் நன்றாக வலிக்கும்.

எனக்குப் படகு என்றாலே குமட்டல். என்ன செய்ய? (தமிழாசிரியராக இருந்து ஆங்கிலத்துக்கு மாறியவர், மதுரை)

வேகப்படகில் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், பின்பக்கம் உட்காருங்கள். வயிற்றைக் காலியாகவும் வைக்காதீர்கள், நிரப்பியும் ஏறாதீர்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அலை கூடுதல். டிசம்பருக்குப் பிறகு கடல் சாது.

டிக்கெட்டை எந்தக் கிழமைக்குப் போடுவது? (மேலே கேட்ட தென்காசிக்காரர்)

வியாழன் இரவு மட்டும் வேண்டாம். வெள்ளி, சனி அலுவலகம் கிடையாது, வெள்ளியன்று அரசுப் படகுகளும் பெரும்பாலும் ஓடாது. மாலே லாட்ஜில் இரண்டு நாள் வாடகை தண்டம். சனி மாலை இறங்குகிற மாதிரிப் பாருங்கள். ஞாயிறு காலை சிம் கார்டு, மருத்துவப் பரிசோதனை, பள்ளிக்கு ஒரு போன், மதியப் படகு. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான், தென்காசியிலிருந்து சென்னைக்குப் போய் ஏறாதீர்கள்.